விழுந்த பல்லுக்குள் மறுபடி ரத்தம் ஓட என்ன செய்யலாம்? முதல் அரை மணியும் அதற்கப்புறமும்

எங்க ஊர் வேலூரிலிருந்து கணியம்பாடி போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. முந்தின வருஷம் சித்திரையில், லீவுக்கு வந்திருந்த என் அக்கா பையன் மத்தியான வெயிலில் தெருமுனை அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். எட்டு வயசு. கைப்பிடியைக் கீழே அழுத்தித் தொங்கிவிட்டு, தண்ணீர் வருகிறதா என்று முகத்தை நீட்டிப் பார்த்த நேரத்தில் பிடி நழுவியது. இரும்புக் கைப்பிடி எகிறி வந்து நேராக வாயில் அடித்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால் சட்டையெல்லாம் ரத்தம், மேல்வரிசையில் முன்பல் இருந்த இடத்தில் வெறும் குழி, பல் பம்படிச் சேற்றில் கிடக்கிறது.

எங்கம்மா எனக்கு முன்னாலேயே அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு விட்டார். "அழாத கண்ணு, சாணியில வச்சி கூரை மேல தூக்கிப் போட்டுடலாம், புதுப் பல்லு சீக்கிரம் மொளைக்கும்" என்று அவனைச் சமாதானம் செய்துகொண்டிருந்தார். பால் பல்லாக இருந்தால் தாராளமாகப் போடலாம். இது ஏழு வயசில் முளைத்த நிலைப்பல். கூரைக்குப் போயிருந்தால் அவ்வளவுதான், அந்த இடத்தில் இனி எதுவும் முளைக்காது.

அந்தப் பல் இன்றைக்கு அவன் வாயில் இருக்கிறது, உள்ளே ரத்தமும் ஓடுகிறது. நான் டாக்டர் இல்லை, அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியார். மைதானத்தில் உடைந்த பல், ஆடுகிற பல், விழுந்த பல் எல்லாம் பார்த்து, தெரிந்த பல் டாக்டர்களைக் குடைந்து குடைந்து கேட்டு, மீதியைப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். வைத்தியம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அவர்களிடம் போய்ச் சேருவதற்கு முன்னால் நாம் செய்கிறதை வைத்துத்தான் அவர்களால் என்ன முடியும் என்பதே தீர்மானமாகிறது.

பல்லுக்கு உயிர் எங்கே இருக்கிறது

இரண்டு இடத்தில். ஒன்று வெளியே. வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது, கனம் சுமார் 0.2 மில்லிமீட்டர். பல்லைத் தாடை எலும்போடு கட்டி வைத்திருப்பது அதுதான். பல் பிடுங்கிக்கொண்டு வரும்போது இந்தச் சவ்வு கிழிந்து, பாதி குழியில் தங்கிவிடும், பாதி வேரோடு ஒட்டிக்கொண்டு வரும். வேரைப் பார்த்தால் ஈரமாக, லேசான இளஞ்சிவப்பில் ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிற மாதிரி தெரியும். அழுக்கு இல்லை, உயிருள்ள செல்கள்.

இன்னொன்று உள்ளே. நாம் பொதுவாக "பல் நரம்பு" என்று சொல்வதை ஸ்கூல் புத்தகத்தில் பற்கூழ் என்று போட்டிருப்பார்கள். நரம்பு மட்டும் இல்லை, ரத்தக்குழாய்கள், செல்கள் எல்லாம் சேர்ந்த மிருதுவான திசு அது. அதற்கு வருகிற ரத்தம் முழுக்க வேர் நுனியில் இருக்கிற துவாரம் வழியாகத்தான் வரும். பல் குழியை விட்டு வெளியே வந்த நொடியில் அந்த இணைப்பு அறுந்துவிடும்.

இங்கேதான் வயசு முக்கியம். முன்பல் ஏழெட்டு வயசில் ஈறுக்கு வெளியே வந்தாலும் அதன் வேர் அப்போது முழுசாக வளர்ந்திருக்காது. முழுசாக வளர்ந்து நுனி மூட இன்னும் இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். அதுவரைக்கும் வேர் நுனி, பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி செய்வோமே, அதன் அகலமான பக்கம் மாதிரி திறந்தே இருக்கும். பெரியவர்கள் பல்லில் அது ஊசித் துவாரம். அகலத் திறந்த நுனி வழியாகப் புது ரத்தக்குழாய்கள் உள்ளே ஏறிவர முடியும், ஊசித் துவாரம் வழியாக அநேகமாக முடியாது. துவாரம் 1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் வாய்ப்பு உண்டு என்பது பல் டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு.

எவ்வளவு வேகத்தில் ஏறும் என்பதற்கு 1978-இல் ஸ்கோக்லண்ட் என்பவரும் கூட இருந்தவர்களும் குட்டி நாய்களின் பற்களைப் பிடுங்கித் திரும்பப் பதித்துப் பார்த்த ஆராய்ச்சி இருக்கிறது. 4-ஆம் நாள் வாக்கில் நுனியில் புதுக் குழாய்கள் தெரிய ஆரம்பித்தன, 10 நாளில் பாதி தூரம், 30 நாளில் கூழ் முழுக்கப் பரவிவிட்டன. ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். நகம் வளர்வதைவிட வேகம்தான், ஆனாலும் உள்ளே கிருமி புகுந்து குடியேறிவிட்டால் இந்த ஓட்டத்தில் கிருமிதான் ஜெயிக்கும். மூச்சு முட்டுகிற திசு, அதாவது ஆக்சிஜன் கிடைக்காத திசு, வி.இ.ஜி.எஃப். மாதிரியான புரதங்களைச் சுரந்து அக்கம்பக்கத்து ரத்தக்குழாய்களை "இந்தப் பக்கம் கிளை விடு" என்று கூப்பிடும். அந்த மாதிரிப் புரதங்கள் பல்லின் டென்டினுக்குள்ளேயும் (கூழைச் சுற்றிச் சுவராக இருக்கும் கெட்டிப் பகுதி) பொதிந்து கிடக்கின்றன, இது பின்னால் வரும்போது உபயோகப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பல் கதை

அக்கா பையன் விஷயத்தில் நான் ஏன் அவ்வளவு பதறினேன் என்றால், எனக்கே அனுபவம் இருக்கிறது. பதினொரு வயசில் கபடி ஆடும்போது ஒருத்தன் முழங்கால் பட்டு முன்பல் போச்சு. பக்கத்து ஊரில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர் ஒருவர் இருந்தார். ரொம்ப அக்கறையாக அந்தப் பல்லை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, வேரில் ஒட்டியிருந்ததையெல்லாம் பிளேடால் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி, காய்ந்த பஞ்சில் பொதிந்து கொடுத்தார். பஸ் பிடித்து வேலூர் பல் டாக்டரிடம் சேர்ந்தபோது மூணு மணி நேரம் ஆகியிருந்தது. அவர் பதித்துக் கட்டினார், பல் நின்றது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

சவ்வு செத்த வேரை எலும்பு நேராகக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், இது அப்போது எங்களுக்குத் தெரியாது. கவ்விய பல் அசையாது, தட்டினால் மற்ற பல் மாதிரி மந்தமாக இல்லாமல் கிண்ணென்று உலோகச் சத்தம் வரும். நான் வளர வளர முகம் வளர்ந்தது, மற்ற பற்கள் தாடையோடு சேர்ந்து கீழே இறங்கின, அது மட்டும் எலும்பில் மாட்டிக்கொண்டு பதினொரு வயசு இடத்திலேயே நின்றுவிட்டது. காலேஜ் போட்டோவில் பார்த்தால் ஒரு படி குட்டையாகத் தெரியும். வேரை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, கடைசியில் ஒரு நாள் மேல்பகுதி கையோடு வந்துவிட்டது.

இனி செய்முறை

முதலில் பிள்ளையைப் பாருங்கள், பல்லை அப்புறம் தேடலாம். மயக்கம், வாந்தி, குழப்பமான பேச்சு, தாடை மூட முடியாமல் இருப்பது, இதில் ஏதாவது இருந்தால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி, பல் டாக்டர் அடுத்தபடி. அது எதுவும் இல்லை என்றால் சுத்தமான துணியைக் குழியின் மேல் வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டுப் பல்லைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், சில நேரம் பல் வெளியே விழாமல் அடித்த அடியில் ஈறுக்குள்ளேயே ஏறிப் போயிருக்கும்.

பால் பல்லா நிலைப்பல்லா? ஆறு வயசுக்குள் முன்பல் விழுந்தால் பெரும்பாலும் பால் பல். சின்னதாக, ரொம்ப வெள்ளையாக இருக்கும். புதிதாக முளைத்த நிலைப்பல் கொஞ்சம் மஞ்சளாகவும் அகலமாகவும், கடிக்கும் ஓரம் ரம்பம் மாதிரி மூன்று மேடாகவும் இருக்கும். பால் பல்லைத் திரும்பப் பதிக்கவே கூடாது, மேலே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லுக்குச் சேதம் வரும். ஆடி விழுகிற காலத்தில் விழுந்தது என்றால் கூரைக்கு அனுப்பிவிடலாம். அடிபட்டு விழுந்தது என்றால் பல்லைப் பதிக்காவிட்டாலும் பிள்ளையை ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

நிலைப்பல் என்றால், வெளியே தெரிகிற வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். வேரில் விரல் படக்கூடாது. மண் ஒட்டியிருந்தால் பால், சலைன், எதுவும் இல்லையென்றால் அந்தப் பிள்ளையின் எச்சில், இதில் ஒன்றில் லேசாக அலசுங்கள். தேய்க்க வேண்டாம், சோப்பு வேண்டாம், டெட்டால் வேண்டாம், மஞ்சள்தூள் வேண்டவே வேண்டாம். அலசியதும் குழியில் திரும்பப் பதிப்பதுதான் முதல் தரமான வழி. வளைவான முன்பக்கம் உதட்டைப் பார்க்க வேண்டும், பக்கத்துப் பல்லைப் பார்த்து அளவு வைத்துக்கொள்ளலாம். மெதுவாக அழுத்தினால் உள்ளே இறங்கும், கைக்குட்டையை மடித்து மேலே வைத்துக் கடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். அடிபட்ட முதல் சில நிமிஷம் அந்த இடம் மரத்துப் போயிருக்கும், அதனால் நாம் பயப்படுகிற அளவுக்கு வலிக்காது என்று டாக்டர் அப்புறம் சொன்னார்.

இவ்வளவு தெரிந்தும் நான் பதிக்கவில்லை. கை நடுங்கியது, அவன் வாயைத் திறக்க மாட்டேன் என்று கத்தினான், அக்கா இன்னொரு பக்கம் அழுகை. அதனால் இரண்டாவது வழிக்குப் போனேன்.

இரண்டாவது வழி பால். அம்மா முந்தானையிலிருந்து பல்லை வாங்கினேன், காய்ந்து கிடந்தது மொத்தம் ஐந்தாறு நிமிஷம் இருக்கும். ஃப்ரிட்ஜில் ஒரு ஆவின் பாக்கெட் பிரிக்காமல் இருந்தது. எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் ஊற்றி அலசிக் கொட்டிவிட்டு, மூடி போட்ட சின்ன டப்பாவில் புதுப் பால் ஊற்றிப் பல்லைப் போட்டு மூடினேன். பாலில் இருக்கிற உப்புச்சத்தின் அளவு நம்ம உடம்புச் செல்களுக்கு ஒத்துப்போகும், புளிப்பும் இல்லை, அதனால் வேரில் ஒட்டிய செல்கள் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தியதுதான், காய்ச்ச வேண்டியதில்லை, சூடான பால் ஆகாது. டீக்குச் சர்க்கரை கலந்து வைத்த பால் ஆகாது. தயிர், மோர் ஆகாது, புளிப்பு. இளநீர் போடலாமா என்று எங்க ஸ்கூலிலேயே நாலு பேர் கேட்டிருக்கிறார்கள், அதிலும் கொஞ்சம் புளிப்புத்தன்மை உண்டு, பால் கிடைக்கிற ஊரில் அதைத் தேடிப்போக வேண்டாம்.

பால் இல்லாத இடம் என்றால் டம்ளரில் அந்தப் பிள்ளையையே எச்சில் துப்பச் சொல்லி அதில் போடுங்கள். மெடிக்கலில் சலைன் பாட்டில் கிடைத்தால் அதுவும் சரி. சின்னப் பிள்ளைகள் கன்னத்துக்குள் அடக்கிவைக்க வேண்டாம், முழுங்கிவிடுவார்கள். வெறும் தண்ணீரில் உப்புச்சத்து குறைவு, செல்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதி வெடித்துவிடும். ஆனால் எதுவுமே இல்லையென்றால் காய விடுவதைவிடத் தண்ணீர் மேல். நம்ம வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வடகம் காய்கிற வெயிலில் ஒரு பல் எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும்? காய்ந்து 30 நிமிஷம் போனால் பெரும்பாலான செல்கள் செத்துவிடும், 60 நிமிஷம் தாண்டினால் எதுவும் தேறாது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதுகூடப் பல்லைத் தூக்கி எறியாதீர்கள். பதித்தால் கொஞ்ச வருஷமாவது இடத்தையும் எலும்பையும் காத்துக் கொடுக்கும், டாக்டர் முடிவு செய்யட்டும்.

கிளம்புவதற்கு முன்னால் போன் செய்யுங்கள். "பல் விழுந்துவிட்டது, பாலில் போட்டு எடுத்து வருகிறோம், பையனுக்கு எட்டு வயசு" என்று மூன்று விஷயம் சொன்னால் போதும், அவர்கள் தயாராக இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி என்றால் யார் திறந்திருப்பார்கள் என்பதை இப்போதே விசாரித்து நம்பரைப் போனில் போட்டு வையுங்கள். வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் வண்டி நகராமல் நிற்கும்போது தேட முடியாது. ஒடுகத்தூர், அமிர்திப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இன்னும் தூரம், அதனால் அங்கே பதித்துக்கொண்டு கிளம்புவதைக் கற்றுவைத்திருப்பது ரொம்ப லாபம்.

டாக்டர் என்ன செய்வார், நாம் என்ன கேட்கணும்

குழியைக் கழுவி, பல்லைப் பதித்து, எக்ஸ்ரே எடுத்து, பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பியால் கட்டுவார். 0.4 மில்லிமீட்டர் வரைக்குமான, வளைந்து கொடுக்கிற கம்பி. ஏன் இவ்வளவு மெல்லிசு என்று கேட்டேன். பல் மிகமிக லேசாக அசைந்துகொண்டே இருந்தால்தான் சவ்வு நன்றாகக் கூடும், இறுக்கிக் கட்டினால் எலும்பு கவ்விக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். இரண்டு வாரத்தில் கம்பி எடுத்துவிடுவார்கள். தாடை எலும்பும் உடைந்திருந்தால் நாலு வாரம். ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதுவார், சேற்றில் விழுந்த பல் என்பதால் டி.டி. ஊசி பற்றியும் பேச்சு வரும்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "டாக்டர், வேர் நுனி மூடியிருக்கா, திறந்திருக்கா?" மூடியிருந்தால் உள்ளே ரத்தம் திரும்ப வராது, செத்த கூழ் அழுகி வேரைக் கரைப்பதற்குள், இரண்டு வாரத்துக்குள்ளாக, ரூட் கேனால் (உள்ளே இருக்கிற கூழை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது) ஆரம்பித்துவிட வேண்டும். இதைத் தள்ளிப்போட்டு மோசம் போனவர்கள் நிறைய. திறந்திருந்தால் கதையே வேறு. அவசரப்பட்டு ரூட் கேனால் செய்தால், ஏறி வந்துகொண்டிருக்கும் ரத்தக்குழாய்களை நாமே பிடுங்கிப் போட்ட மாதிரி. அங்கே செய்ய வேண்டியது காத்திருப்பது, ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பது.

இரண்டு வாரம் மெத்தென்ற சாப்பாடு. கேழ்வரகுக் கூழ், இட்லி, குழைந்த சாதம், பருப்பு. முறுக்கு, கரும்பு, கறித்துண்டு எதுவும் கிட்டே வரக்கூடாது (அந்த வாரம் ஆம்பூரில் ஒரு கல்யாணப் பந்தியில் இவன் மட்டும் பிரியாணியைப் பார்த்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டதை இன்னும் சொல்லிக் காட்டுகிறான்). மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கு அப்புறமும் துலக்கணும், 0.12 சதவீத குளோர்ஹெக்சிடின் தண்ணீரால் காலை மாலை கொப்பளிக்கணும். ரத்தம் கசிகிறதே என்று பிரஷ் போடாமல் விடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிற தப்பு, அழுக்கு சேர்ந்தால் கிருமி கிழிந்த சவ்வு வழியாகத்தான் இறங்கும். கிழிந்த ஈறில் கிராம்பு எண்ணெய் வைக்காதீர்கள், சுட்டுவிடும்.

காத்திருக்கும் காலம்

அடுத்த எக்ஸ்ரேக்கள் 2 வாரம், 1 மாசம், 2 மாசம், 3 மாசம், 6 மாசம், 1 வருஷம், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை வீதம் 5 வருஷம். வலி இல்லையே, எதுக்கு வீணா பஸ் செலவு என்று மூணாம் மாசத்தோடு நிறுத்திவிடுவார்கள் பாருங்கள், அங்கேதான் கெடும். கிருமி புகுந்த சின்னப் பிள்ளை வேர் சில வாரத்தில் கரைந்துவிடும், வலியே இருக்காது.

பல் மேல் சில்லென்ற பஞ்சு வைத்து ஒரு டெஸ்ட் செய்வார்கள். முதல் மூன்று மாசம் அதற்குப் பதில் வராவிட்டால் பல் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அந்த டெஸ்ட் பார்ப்பது நரம்பின் உணர்ச்சியை, ரத்த ஓட்டத்தை இல்லை. ரத்தக்குழாய் முதலில் வரும், நரம்பு பின்னால்தான் வந்து சேரும். அந்த டெஸ்டை மட்டும் வைத்து யாராவது உடனே ரூட் கேனால் என்றால், வேறு என்ன அறிகுறி இருக்கிறது என்று தாராளமாகக் கேளுங்கள்.

வீட்டில் பார்க்க வேண்டியது: ஈறில் சின்னக் கொப்புளம், அதிலிருந்து சீழ், கடித்தால் வலி, பல் சாம்பல் நிறமாக மாறுவது, ஆட்டம் அதிகமாவது. இதில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போய்விடுங்கள். பல் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகிறது என்றால் பயப்பட வேண்டாம், உள்ளே வந்த திசு சுண்ணாம்புச்சத்தைப் படியவைத்துக் குழாயை அடைத்துக்கொண்டு வருகிறது, அது உயிருள்ள திசு செய்கிற வேலை. டாக்டரிடம் காட்டிவிட்டு விட்டுவிடலாம்.

பல் விழாமல் உடைந்தால்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடைந்த துண்டைத் தண்ணீரிலோ பாலிலோ போட்டு எடுத்துப் போங்கள், பல நேரம் அதையே ஒட்டிவிட முடியும். உடைந்த இடத்தின் நடுவில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் கூழ் வெளியே தெரிகிறது என்று அர்த்தம். ரத்தம் வருகிறதே என்று பயப்படுவோம், ஆனால் ரத்தம் வருவது நல்ல செய்தி. ஸ்வீடன் டாக்டர் செவெக் 1978-இல் காட்டிய வழியில், மேலே ஒரு 2 மில்லிமீட்டர் கூழை மட்டும் எடுத்துவிட்டு மருந்து வைத்து மூடினால், மீதிக் கூழ் பிழைத்து வேரையும் வளர்த்து முடித்துவிடும். சிறு பிள்ளை என்றால் முழு ரூட் கேனாலுக்கு முன்னால் இதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

ரத்தம் ஏறாமல் கூழ் செத்துவிட்டால்

எல்லாப் பல்லுக்கும் நல்லபடி நடக்காது. நுனி திறந்திருக்கும்போதே கூழ் செத்தால் வேர் வளர்ச்சி பாதியில் நின்றுவிடும், சுவர் முட்டையோடு மாதிரி மெலிசாக இருக்கும், பின்னால் ஒரு சின்ன அடியில் குறுக்கே முறியும். முன்னெல்லாம் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை மாசக்கணக்கில் வைத்து நுனியில் அடைப்பு உண்டாக்குவார்கள். அப்புறம் எம்.டி.ஏ. என்கிற சிமென்ட் மாதிரி மருந்தால் நுனியை அடைக்கும் முறை வந்தது. இரண்டிலும் நுனி மூடும், சுவர் கனமாகாது.

இப்போது மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. வேருக்குள் ரத்தக்கட்டியை உண்டாக்கினால் அதில் திசு வளருமா என்று நார்வேயைச் சேர்ந்த நீகார்ட் ஓஸ்ட்பி 1961-லேயே பார்த்தார். 2001-இல் ஜப்பானில் இவாயா குழு சீழ் பிடித்த ஒரு பிள்ளைப் பல்லில் வேர் மறுபடி வளர்ந்ததைக் காட்டியது, 2004-இல் பாங்க்ஸ், டிரோப் இருவரும் அதை ஒரு முறையாக எழுதினார்கள். அதற்கப்புறம்தான் உலகமெங்கும் பரவியது.

நாற்காலியில் உட்கார்ந்தால் நடப்பது இது. முதல் நாள், வேருக்குள் 1.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை மெதுவாக விட்டுக் கழுவுவார்கள். வழக்கமான ரூட் கேனால் மாதிரி உள்ளே ராவிச் சுரண்ட மாட்டார்கள், சுவர் ஏற்கெனவே மெலிசு. கால்சியம் ஹைட்ராக்சைடோ, மூன்று ஆன்டிபயாடிக் சேர்ந்த பசையோ வைத்துத் தற்காலிகமாக மூடி, 1 முதல் 4 வாரம் கழித்து வரச் சொல்வார்கள். அந்தப் பசையில் மினோசைக்ளின் இருந்தால் பல் கறுத்துப்போகும், முன்பல் என்றால் இதை முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது தடவைதான் பார்க்கவே அதிசயம். மரக்க வைக்கும் ஊசியில் அட்ரினலின் சேர்க்காததைப் போடுவார்கள், அது சேர்ந்தால் ரத்தக்குழாய் சுருங்கிவிடும், இங்கே நமக்கு ரத்தம் வேண்டும். 17 சதவீத இ.டி.டி.ஏ. கரைசலால் கழுவுவார்கள், டென்டினுக்குள் பொதிந்து கிடக்கும் புரதங்கள் என்று முன்னே சொன்னேனே, அது அவற்றை வெளியே இளக்கிவிடும். அப்புறம் மெல்லிய கருவியை வேர் நுனியைத் தாண்டி 2 மில்லிமீட்டர் விட்டு வேண்டுமென்றே குத்துவார்கள். கிணற்றில் ஊற்று கிளம்புகிற மாதிரி அடியிலிருந்து ரத்தம் ஏறி வரும், கூடவே வேர் நுனித் திசுவில் இருக்கும் ஸ்டெம் செல்களும் (வேறு வேறு திசுவாக மாறக்கூடிய மூலச் செல்கள்) வந்துவிடும். ரத்தம் உறைந்ததும் மேலே எம்.டி.ஏ. வைத்து அடைத்துவிடுவார்கள். அந்த ரத்தக்கட்டிதான் பந்தல். அதில் பற்றிக்கொண்டு கொடி ஏறும். ரத்தம் சரியாக வராவிட்டால் கையிலிருந்து ரத்தம் எடுத்து மெஷினில் சுழற்றி, பி.ஆர்.எஃப். என்கிற தயிர்க்கட்டி மாதிரியான பொருளைப் பிரித்து உள்ளே வைப்பதும் உண்டு.

நுனியில் இருக்கும் எலும்புக் குறை 6 முதல் 12 மாசத்தில் ஆற வேண்டும், சுவர் கனமாவது தெரிய 12 முதல் 24 மாசம் ஆகும். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லணும், உள்ளே வளர்வது பெரும்பாலும் பழைய கூழே இல்லை. எலும்பு மாதிரியும், வேரின் மேல்பூச்சான சிமெண்டம் மாதிரியும் ஒரு திசு. சீழ் நின்று பல் பிழைத்தால் அதுவே பெரிய காரியம், வேர் நீள்வதும் கனமாவதும் சில பிள்ளைகளுக்கு நடக்கும், சிலருக்கு நடக்காது. "நூறு சதவீதம் கேரண்டி" என்று யாராவது சொன்னால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ஸ்டெம் செல்லை வெளியே வளர்த்துப் பல்லுக்குள் வைப்பதும் ஆராய்ச்சியில் நடந்திருக்கிறது. பற்கூழில் ஸ்டெம் செல் இருப்பதை 2000-இல் கண்டுபிடித்தார்கள், 2003-இல் விழுகிற பால் பல்லிலும். 2018-இல் சீனாவில் அடிபட்டுக் கூழ் செத்த பிள்ளைகளுக்கு அவர்களுடைய பால் பல்லிலிருந்தே எடுத்த செல்லை வைத்ததில் ரத்தக்குழாயும் உணர்ச்சியும் திரும்பின. ஆனால் இது நம்ம தெரு பல் கிளினிக்கில் கிடைக்கிற வைத்தியம் ஆகவில்லை. பால் பல்லை வங்கியில் சேர்த்து வையுங்கள் என்று வருகிற விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதைவிட அந்தப் பணத்தில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைக்கு ஹெல்மெட்டும், கபடி ஆடும் பிள்ளைக்கு மவுத் கார்டும் வாங்கலாம் என்பது என் கணக்கு.

அக்கா பையன் பல்லுக்கு இந்தச் சுற்று வேலை எதுவும் தேவைப்படவில்லை. இரண்டாம் மாசம் டெஸ்டில் பதில் இல்லை, மூன்றாம் மாசமும் இல்லை, அக்கா தினமும் போன் போட்டுப் புலம்பினாள். ஆறாம் மாசம் டாக்டர் சில்லென்ற பஞ்சை வைத்ததும் அவன் "யம்மா!" என்று நாற்காலியிலிருந்து எகிறினான், அவன் அழுகிறான், நாங்கள் சிரிக்கிறோம். போன மாசம் எடுத்த எக்ஸ்ரேயில் பீப்பியின் வாய் குறுகி வேர் நுனி மூட ஆரம்பித்திருக்கிறது. அந்த ஃபிலிமை எங்கம்மா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதயாடா கூரை மேல போட இருந்தேன்" என்றார். அடுத்த எக்ஸ்ரே வர்ற வைகாசியில். அடிபம்புக் கைப்பிடியில் நான் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன், அதை யாரோ மாசத்துக்கு ஒரு தடவை அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.